சீரியலா, விர்ட்ஐஓ கன்சோலா, எஸ்எஸ்எச்சா: கெர்னல் சோதனையில் முனையம் தகராறு செய்யும்போது

புதிதாகத் தொகுத்த லினக்ஸ் கெர்னலை, மெய்நிகர் கணினியை உருவாக்கும் கியூஎமுவிலோ, அதன் மேல் இயங்கும் கெர்னல் சோதனைக் கருவியான விர்ட்மி-என்ஜியிலோ ஏற்றிப் பார்ப்பது இன்று சில நொடி வேலைதான். ஆனால் உள்ளே போன பிறகு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதும், ஓடும் கட்டளையை நிறுத்தும் கண்ட்ரோல்-சி வேலை செய்யாமல் போவதும், வெளியே வந்த பின் நம் சொந்த முனையமே (டெர்மினல்) குழம்பிக் கிடப்பதும் பலருக்குப் பழகிப்போன தொல்லைகள். உள் இயந்திரத்தின் ஷெல்லை, அதாவது நம் கட்டளைகளை வாங்கும் நிரலை, அடைய மூன்று வழிகள் உண்டு: சீரியல் போர்ட், விர்ட்ஐஓ கன்சோல், பிணைய இணைப்பான எஸ்எஸ்எச். மூன்றும் மூன்று விதமாகப் பழுதாகின்றன என்பதால், எந்த வழியில் உள்ளே இருக்கிறோம் என்பதை முதலில் அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சீரியல் போர்ட்டுக்கு இணையான நம்பகமான சாட்சி வேறில்லை. கெர்னலை ஏற்றும்போது எர்லிபிரிண்ட்கே என்ற அளவுருவோடு சேர்த்துக் கொடுத்தால், கெர்னல் தன் டிரைவர்களைத் தயார்செய்வதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடும். பானிக் ஆகும், அதாவது மீள முடியாத பிழையில் நின்றுபோகும், கடைசிக் கணத்திலும் பேசும். ஃபயர்கிராக்கர் போல எல்லாவற்றையும் கழித்துக்கட்டிய மைக்ரோவிஎம்கூட (மிகச் சிறிய மெய்நிகர் இயந்திரம்) இந்த ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை வேகம். 3எஃப்8 என்ற போர்ட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்துக்கும் உள் இயந்திரம் ஒருமுறையாவது தன்னை இயக்கும் ஹைப்பர்வைசரிடம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், பதிவுகள் அருவிபோல் கொட்டும் சோதனைகளில் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

அதைவிடப் பெரிய குறை, சாளரத்தின் அளவைச் சொல்ல அந்தக் கம்பியில் இடமே இல்லாதது. உள்ளே 'எஸ்டிடிஒய் சைஸ்' என்ற கட்டளையால் அளவைக் கேட்டால் '0 0' என்றே பதில் வரும். பாஷ் ஷெல் தானாக 80 எழுத்து அகலம் என்று எண்ணிக்கொள்ளும். 190 எழுத்து அகலமுள்ள சாளரத்தில் நீண்ட கோப்புப் பாதை ஒன்றைத் தட்டச்சு செய்து, மேல் அம்புக்குறியை அழுத்தி அதைத் திருத்தப் பார்த்தால், கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறோரிடத்தில் மாறும். வெளிக் கணினியில் அளவைப் பார்த்து, உள்ளே 'எஸ்டிடிஒய் ரோஸ் 52 கால்ஸ் 190' என்று கைப்பட எழுதுவது ஒரு தீர்வு. 'ரீசைஸ்' கட்டளை இன்னும் சாமர்த்தியமானது: கர்சரை எட்டாத தொலைவுக்கு அனுப்பி, அது எங்கே முட்டி நின்றது என்று முனையத்திடமே கேட்டு அளவைத் தெரிந்துகொள்கிறது. விர்ட்மி-என்ஜி ஏற்றும்போதே இந்த அளவைக் கெர்னல் அளவுருவாக உள்ளே அனுப்பிவிடுகிறது. இருந்தாலும் நடுவில் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் பழைய கதைதான்.

கண்ட்ரோல்-சி விவகாரத்தில் இரண்டு நோய்களை ஒன்றாக எண்ணிவிடுகிறோம். அழுத்தியவுடன் கியூஎமுவே செத்துப்போனால், சீரியலை வெறும் 'எஸ்டிடிஐஓ'வில் (கியூஎமுவின் நேரடி உள்ளீடு-வெளியீட்டில்) இணைத்திருக்கிறீர்கள் என்று பொருள். 'மான்:எஸ்டிடிஐஓ' என்று மாற்றினால் அந்த விசை உள்ளே போய்ச் சேரும். எதுவுமே நடக்கவில்லையென்றால் பிழை உள்ளே இருக்கிறது: ஷெல் நேரடியாக இனிட்டாக, அதாவது கெர்னல் தொடங்கும் முதல் நிரலாக, தொடங்கப்பட்டதால், கண்ட்ரோல்-சியை அதனிடம் சேர்க்கும் கட்டுப்படுத்தும் முனையம் அதற்குக் கிடைக்கவில்லை. சிறு கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸில் 'செட்சிட் சிடிடிஒய்ஹேக்' வழியாக ஷெல்லைத் தொடங்கினால் சரியாகிவிடும். கியூஎமுவிலிருந்து வெளியேற கண்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ். ஒரே முனையத்தில் பல ஷெல்களைத் தரும் ஸ்கிரீன் நிரலுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கண்ட்ரோல்-ஏவை ஸ்கிரீனே விழுங்கிவிடும் என்பதால், '-எக்கர்' தெரிவால் வேறு விசையைக் கொடுத்துவிடுவது நல்லது.

வெளியேறிய பின் நீண்ட வரிகள் மடங்காமல் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றால், கெர்னலைத் திட்டாதீர்கள். கியூஎமுவின் பயாஸான சீபயாஸ் சீரியலில் எழுதும்போது வரி மடிப்பை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. 'டிபுட் எஸ்மாம்' அதைத் திரும்பக் கொடுக்கும். கியூஎமுவை 'கில் -9' கொண்டு கொன்றிருந்தால் தட்டச்சு செய்வதே திரையில் தெரியாது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்டிடிஒய் சேன்' என்று எழுதி, எண்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே அழுத்த வேண்டும்.

மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே அமைந்த விர்ட்ஐஓ கன்சோல், அதாவது எச்விசி0, எழுத்துகளை மொத்தமாக அள்ளிக் கொடுப்பதால் வேகமானது. டிரைவர் பதிவானதும் அதுவரை சேர்ந்த கெர்னல் செய்திகளையும் கொட்டிவிடும். ஆகவே நல்லபடியாக ஏறும் கெர்னலில் எதுவும் தவறாது. அதற்கு முன்பே செத்துப்போகும் கெர்னலிலோ, டிரைவரை மாட்யூலாக (பிறகு தனியே ஏற்றும் கோப்பாக) தொகுத்துவிட்டு ஏற்ற மறந்த கெர்னலிலோ, வெறும் கருந்திரைதான் மிஞ்சும். அந்த மௌனத்தைக் கெர்னல் தொங்கிவிட்டது என்று தவறாகப் படிப்பது எளிது.

வசதியில் எஸ்எஸ்எச்சை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சாளர அளவு மாறினால் தானே தெரிவிக்கும். கண்ட்ரோல்-சி சரியாகப் போகும். விம் எடிட்டர் ஒழுங்காகத் திறக்கும். பிணைய அடுக்கையே சோதிப்பவர்கள் டிசிபியை நம்ப முடியாது என்றாலும், வெளிக் கணினியையும் உள் இயந்திரத்தையும் நேரடியாக இணைக்கும், ஐபி வழியே போகாத விசாக் அந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது. லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2024இல் வந்த 256ஆம் பதிப்பு இதைத் தானாகவே அமைத்துக்கொடுக்கிறது. முனையம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வந்தால், உள்ளே போலி முனையங்களுக்கான கோப்பு முறைமையான டெவ்பிடிஎஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கெர்னல் பானிக் ஆனால் இந்த வழி ஒரு சொல்லும் சொல்லாமல் உறைந்துவிடும். எண்டர், டில்டே, புள்ளி என்று அழுத்தி வெளியேறுவதைத் தவிர வேறு செய்ய ஒன்றுமில்லை.

தானியங்கிச் சோதனையில் மனிதரே இல்லாத இடத்தில் விர்ட்மி-என்ஜி 'செல்லுபடியாகும் பிடிஎஸ் இல்லை', அதாவது போலி முனையம் இல்லை, என்று மறுப்பதுண்டு. கட்டளையை 'ஸ்கிரிப்ட்' நிரலுக்குள் வைத்து ஓட்டினால் அதற்கு ஒரு போலி முனையம் கிடைத்துவிடும்.

என் தெரிவு இரண்டைச் சேர்த்து வைப்பது: சீரியலை ஒரு கோப்புக்குத் திருப்பிக் கெர்னலின் வாக்குமூலத்துக்கென ஒதுக்கிவிட்டு, எச்விசி0இல் ஷெல்லை வைத்துக்கொள்கிறேன், நீண்ட நேர வேலைக்கு மட்டும் எஸ்எஸ்எச். இதில் 'கன்சோல்=' அளவுருக்களின் வரிசை முக்கியம், ஏனென்றால் கடைசியில் எழுதப்படுவதே முதன்மைக் கன்சோலாகிறது. எச்விசி0ஐ முன்னும் சீரியல் போர்ட்டான டிடிஒய்எஸ்0ஐப் பின்னும் எழுதிவிட்டால், ஷெல்லின் '#' குறி பதிவுக் கோப்பின் கடைசி வரியில் காத்திருக்கும். திரையில் எழுதுவதற்கு எந்தப் பதிலும் வராது.