பருந்துக்கு வலையா, மறைவா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் நாட்டுக்கோழி மேய விடுகிறவர்களுக்குக் குஞ்சுப் பருவம்தான் தலைவலி. இரண்டு மாதம் தாண்டிவிட்டால் பருந்து அவ்வளவாகச் சீண்டாது. அதுவரை மேலே வலை கட்டலாம், இல்லை கோழிகள் ஓடி ஒளியத் தாழ்வான மறைவு அமைக்கலாம். நான் மறைவையே தேர்ந்தெடுத்தேன்.

வலையின் காவலில் குறை சொல்ல முடியாது. இரண்டு அங்குலக் கண் இருந்தால் பருந்து, வல்லூறு, காக்கை எதுவும் நுழையாது. மரமில்லாத சின்ன இடம் என்றால் யோசிக்காமல் வலையே கட்டுங்கள்.

தோப்பில் பிரச்சினையே பராமரிப்புதான். உதிர்கிற மாவிலை எல்லாம் வலையில் தங்கும். கோடை மழையில் நனைந்து கனத்துத் தொய்யும். தட்டிவிட ஆள் வேண்டும். ஆடிக் காற்றில் கம்பி உரசும் இடமெல்லாம் கிழியும். வெயிலில் நைலான் நொறுங்கிப் போகும். எல்லாவற்றையும் விட, பெங்களூரா ரக மாங்காய் பறிக்கிற சமயத்தில் மரத்தடி வலையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கூலியாட்கள் வந்து நிற்கும்போது வலை அவிழ்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

மறைவுக்குச் செலவு குறைவு. தக்காளிக்கு நடுகிற பழைய குச்சிகளை முழங்கால் உயரத்தில் கட்டி, மேலே தென்னங்கீற்று போட்டால் முடிந்தது. தண்ணீர் இருந்தால் அவரையோ கோவையோ ஏற்றிவிடலாம். பதினைந்து, இருபது தப்படிக்கு ஒன்று இருக்கட்டும். தாய்க்கோழி எச்சரித்ததும் குஞ்சுகள் ஓடிப்போய்ச் சேர அந்தத் தூரம்தான் சரி. பருந்து சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரும், கீற்றுக்கு அடியில் அதால் ஒன்றும் செய்ய முடியாது. கீற்று மக்கினால் மேலே இன்னொன்று போட்டால் போதும், ஏணி கூட வேண்டாம்.

வல்லூறு விஷயத்தில் அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். வைரி என்றும் சொல்லப்படும் அந்தப் பறவை ஓரடி நீளம்தான். வானத்தில் வட்டமிட்டு மிரட்டாது. மரக்கிளையில் மறைந்திருந்து சட்டென்று பாயும். அதனால் மாமரத்தையே மறைவு என்று நம்பக்கூடாது. பந்தலடியில் சருகு சேர்ந்தால் பாம்பும் கீரியும் வரும், கூட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும். இன்னொன்று, என் அனுபவம் தாயோடு திரியும் குஞ்சுகளோடு மட்டும்தான். இன்குபேட்டர் குஞ்சுகளுக்கு எச்சரிக்கத் தாய் கிடையாது, அவற்றுக்கு வலையே மேல் என்று நினைக்கிறேன்.

சிடி தொங்கவிடுவது, பளபளப்பு நாடா கட்டுவது எல்லாம் சில நாளைக்குத்தான். குஞ்சுக்குச் சாயம் பூசுவதும் எனக்கு நம்பிக்கையில்லை. விஷம், கண்ணி பக்கமே போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஏற்கெனவே வலை வாங்கி வைத்திருந்தால் தோப்பு முழுக்க விரிக்க வேண்டாம். கூண்டு வாசலில் குஞ்சுகளுக்குத் தீவனம் போடும் இடத்துக்கு மட்டும் கட்டுங்கள். காக்கைத் தொல்லை அங்கேதான் அதிகம்.