வயிற்றுவலிக்குப் போனேன், அப்பாவைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன் (அடையாறு குடல்-மனநல மையம்)

ஓஎம்ஆரில் மூன்று வருடமாக நைட் ஷிஃப்ட். அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன், அதற்கப்புறம்தான் வயிற்றைப் பிசைவதும், பஸ் ஏறுவதற்குள் மூன்று முறை பாத்ரூம் ஓடுவதும் ஆரம்பித்தது. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை ரொம்பவே வலித்தது.

இங்கே குடல் டாக்டரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து பார்க்கிறார்கள். ஐபிஎஸ் (IBS, ஸ்கேனில் எதுவும் தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் தரும் குடல் பிரச்சினை) கற்பனை இல்லை, குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன, மனநிலையிலும் பங்குள்ள ரசாயனமான செரடோனினில், உடம்பில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது, அடக்கிவைத்த துக்கமும் தூக்கமில்லாத வேலையும் வலியைக் கூட்டும் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். திரும்பும்போது ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

பர்ன் அவுட் (வேலை அழுத்தத்தால் மொத்தமாகச் சோர்ந்துபோவது) என்பதை உலக சுகாதார நிறுவனமே 2019இல் வேலை சார்ந்த நிலை என்று வரையறுத்திருக்கிறது என்பதும் ஆலோசகர் சொல்லித்தான் தெரியும். எட்டு அமர்வு சிபிடி (CBT, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சி. நான்கு வாரம் வெங்காயம், பூண்டு இல்லை. அம்மா பெருங்காயத்தை வைத்தே சாம்பாரைச் சமாளித்தார். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். ஷிஃப்ட் மாற்றக் கடிதமும் கொடுத்தார்கள்.

வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் பயம் போய்விட்டது. சனிக்கிழமை போகாதீர்கள், டோக்கன் இருந்தாலும் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் மட்டும் டென்ஷன் என்று விடாமல் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.