நாயைக் காப்பகத்துக்குக் கொடுக்க முன் இதை வாசியுங்கள் – திருகோணமலை

திருகோணமலையில் நாய் வளர்ப்பவர்கள், ஒழுங்கையில் கிடக்கும் குட்டிகளுக்குச் சோறு வைப்பவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். "கைவிடப்பட்ட நாய்களைப் பொறுப்பெடுக்கிறோம், பராமரித்து நல்ல வீடு தேடிக் கொடுக்கிறோம்" என்று முகநூலில் போட்டு ஒரு கூட்டம் காசு பறிக்கிறது. நாங்கள் ஒப்படைத்த தாய் நாயையும் குட்டிகளையும் போகிற வழியிலேயே காட்டோரம் இறக்கிவிட்டு, மாதாமாதம் அவற்றின் சாப்பாட்டுக்கென்று எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதை எழுதுகிறேன். வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் பிடிக்கலாம்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஆட்களுக்கு நாய்களின் நிலை தெரியும். மே தொடங்கி செப்டெம்பர் வரை கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், ஹோட்டல்களில் மிச்சச் சாப்பாடு இருக்கும், நாய்களும் கொழுகொழுவென்று திரியும். மாரி பிடித்ததும் பாதிக் கடைகள் பூட்டு. அந்த நாய்கள் பசியோடு ஊருக்குள் வரும். பிரவுணி அப்படித்தான் எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்துக்குக் கீழே நாலு குட்டி போட்டாள். செம்மண் நிறம், இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கும். மழைத் தண்ணீர் ஏற ஏற குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி எங்கள் விறாந்தையில் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் இருப்பது வாடகை வீடு, ஏற்கெனவே இரண்டு நாய் உண்டு. வீட்டுக்காரர் முடியாது என்றார். பக்கத்தில் ஒருவர் நஞ்சு வைப்பேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேரத்தில்தான் அந்தக் காப்பகத்தின் பதிவு கண்ணில் பட்டது. இடம் மாத்தளைப் பக்கம் என்று போட்டிருந்தது.

போனில் பேசியவர் நல்ல தன்மையாகப் பேசினார். "அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, நாங்க பிள்ளை மாதிரிப் பார்ப்பம்" என்றார். பதிவுக் கடிதம் என்று ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். கூடுகள், புல் வெளி, பெரிய சட்டியில் கொதிக்கும் சோறு என்று படங்களும் வந்தன. தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 15,000 ரூபா, குட்டிகளுக்கு வீடு கிடைக்கும் வரை மாதம் 8,000, ஏற்றிப்போக வண்டிக் கூலி வேறு. நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டோம். புது நாய்கள் வந்திருக்கின்றன, நோய் தொற்றிவிடும், இரண்டு மாதத்துக்கு ஆட்களை விடுவதில்லை என்றார். குட்டிகளைப் பிடிக்கும் பார்வோ வைரஸ் செருப்பில் கூட ஒட்டிக்கொண்டு போகும் என்பது உண்மைதான். அது நமக்குத் தெரியும் என்பதால்தான் அந்தப் பதில் எடுபட்டது. குட்டிகள் பால் மறந்த பிறகு ஒரு பட்டா வாகனம், அதுதான் சின்ன லொறி, வந்து ஏற்றிப்போனது.

பிறகு மாதம் பிறந்தால் வட்ஸ்அப்பில் படம் வரும், கூடவே வங்கிக் கணக்கு இலக்கமும் வரும். வீடியோ கோல் எடுத்தால் சிக்னல் இல்லை. சித்திரை வருசப் பிறப்புக்கு வந்த படத்தில்தான் பிடிபட்டது. பிரவுணி ஒரு அரிசிப் பைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். என் மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, காது மாறியிருக்கு" என்றாள். கிழிந்த காது வலது பக்கம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். அரிசிப் பையில் இருந்த எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி இருந்தன. முதல் கிழமை வந்த படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதே பை, அதே மடிப்பு, அதே நிழல். பழைய படத்தை இடம்வலமாகத் திருப்பி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டிப் புதுப்படம் என்று அனுப்பியிருக்கிறார்கள். மற்ற மாதப் படங்களும் அதே நாளில் எடுத்தவைதான். பட்டா வாகனத்தின் பின்கதவு ஒன்றின் ஓரத்தில் தெரிந்தது. ஏற்றிய அன்றே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாத்தளையில் வேலை செய்யும் அத்தானை அந்த விலாசத்துக்கு அனுப்பினோம். அங்கே இருந்தது பூட்டிக் கிடக்கும் ஒரு வெல்டிங் கடை. அக்கம்பக்கத்தில் நாய்க் காப்பகம் என்று யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அன்று வழி கேட்டு எடுத்த பட்டா டிரைவரின் இலக்கம் என் போனில் இருந்தது நல்லதாகப் போயிற்று. முதலில் தெரியாது என்றவர், பொலிஸ் என்றதும் சொன்னார். கந்தளாய் தாண்டியதும் இறக்கிவிடச் சொன்னார்களாம், இறக்கினாராம்.

அந்த வீதியில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கே வரும் காட்டுப் பாதை. இருட்டினால் மோட்டார் சைக்கிள்காரர்களே யோசிப்பார்கள். அந்த இடத்தில் இரண்டு மாதக் குட்டிகளை விட்டிருக்கிறார்கள். போய் ஒவ்வொரு தேநீர்க் கடையாக படத்தைக் காட்டிக் கேட்டோம். ஒரு கடையில் நானா படத்தைப் பார்த்ததும், "இது நம்மட கடைக்குப் பின்னால கிடக்கிறதுதானே தங்கச்சி" என்றார். பிரவுணி எலும்பும் தோலுமாக, காதுக்குள் உண்ணி நிறைந்து, வயிற்றில் குட்டியோடு வந்தாள். நானா தினமும் ரொட்டி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். அந்த மனிதரின் நல்ல மனசுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கருத்தடை செய்ததாகக் காசு வாங்கிய நாயின் வயிற்றில் குட்டி! மிருக வைத்தியர் பார்த்து, சத்திரசிகிச்சைத் தழும்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுதான் இப்போது எங்கள் முறைப்பாட்டில் பலமான சாட்சி. மிருகவதைக்கு இங்கே இருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதன்படி தண்டப்பணம் கூடினால் 100 ரூபா. இன்றைக்கு ஒரு பிளேன்டியும் வடையும் அதைத் தாண்டிவிடும். ஆனால் பொய் சொல்லிக் காசு வாங்கியது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரும் மோசடிக் குற்றம். ஆகவே முறைப்பாடு கொடுக்கும்போது காசு மோசடியை முதலில் சொல்லுங்கள். வங்கிச் சிலிப், வட்ஸ்அப் உரையாடல், படங்கள் எதையும் அழிக்க வேண்டாம்.

நாயை யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், நீங்களோ உங்கள் ஆளோ கூடவே போய் இறக்கிவிட்டு வாருங்கள். வாசலில் நின்றாவது பார்க்கவிடாத இடத்துக்கு நாய் போகவே வேண்டாம். தொற்று என்று சொன்னால், சரி, வீடியோ கோலில் இப்போதே கூட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நாயின் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பிப் பார்க்கிறதா என்று தெரியும். தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிட்டையில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்க வேண்டும், பக்கத்தில் மிருக வைத்தியரின் முத்திரையும் கையெழுத்தும் இருக்க வேண்டும். பேனாவால் வெறும் திகதி எழுதிய அட்டையை நம்ப வேண்டாம். தொண்டு அமைப்பு என்றால் பிரதேச செயலகத்தில் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம்.

கருத்தடையை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்காதீர்கள். நம் ஊரிலேயே நமக்குத் தெரிந்த மிருக வைத்தியரிடம் செய்வித்து, தையல் ஆறிய பிறகு அனுப்புங்கள். பெட்டை நாய் ஆறு மாதத்திலேயே சினைப்படலாம், குட்டி போட இரண்டு மாதம் போதும். 2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது நிறுத்தப்பட்டுவிட்டது, அது நல்ல விசயம். கருத்தடையும் ஊசியும் நடந்தால்தான் ஒழுங்கைக்குள் நஞ்சு வைக்கும் பேச்சும் குறையும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியைச் சுகாதாரத் திணைக்களம் நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. அடுத்த முகாம் எங்கே என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இந்த ஊசிக்கும் அந்தக் கூட்டம் எங்களிடம் காசு வாங்கியிருந்தது.

பிரவுணி இப்போது பாலையூற்றில் எங்கள் சித்தி வீட்டில் இருக்கிறாள். குட்டிகளில் ஒன்று வாகனத்தில் அடிபட்டுச் செத்துப்போனது, ஒன்றைக் கந்தளாயில் ஒரு குடும்பம் வளர்க்கிறது. இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. ஒன்று கறுப்புக் கடுவன், நெஞ்சில் உள்ளங்கையளவு வெள்ளை. மற்றது தாயின் நிறத்தில் பெட்டை, வால் நுனி வெள்ளை. இப்போது நன்றாக வளர்ந்திருக்கும். அக்போபுர, கல்ஓயாச் சந்தி, ஹபரணைப் பக்கம் பஸ்ஸிலோ லொறியிலோ போய்வருபவர்கள் கடைவாசல்களில் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாத்தளை விலாசம் காட்டிய ஒரு காப்பகத்துக்கு நாய் கொடுத்தவர்கள் வேறு யாரும் இருந்தால் சிலிப்புகளோடு எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டில் உங்களையும் சேர்க்க வேண்டும்.