முதல் போன்: பூட்டு போட்ட ஸ்மார்ட்போனா, பட்டன் போனா, வாட்ச்சா, ஹாலில் ஒரு கம்ப்யூட்டரா?

11 வயது மகள் போன் கேட்டாள். எதற்கெல்லாம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். மூன்று காரணம் எழுதினாள். வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டால் எங்களைக் கூப்பிட; தோழிகளோடு பேச; படம் வரைகிற ஆப் ஒன்றுக்கு. நான்காவதாக ஏதோ எழுதி அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: “எல்லாரும் வெச்சிருக்காங்க.” நான்கில் உண்மையான காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவள். எதையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வராது. பெற்றோர் கட்டுப்பாடு என்ற பூட்டு போட்ட ஸ்மார்ட்போன், பட்டன் போன், பிள்ளைகளுக்கான ஸ்மார்ட்வாட்ச், எல்லாரும் வந்துபோகும் ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் என்று நான்கு வரிசை. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், இருப்பிடம் காட்டுமா, ஆப்பைத் தடுக்க முடியுமா என்று குறுக்கே பத்துப் பன்னிரண்டு கட்டம். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ராத்திரி ஒன்பது மணிக்கு யார் சண்டை போடுறதுன்னு ஒரு கட்டம் சேர்த்துக்கோ” என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். சேர்த்துப் பார்த்தபோது மற்றக் கட்டங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

நான்கிலும் ஏதோ ஒரு வரம்பு இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பட்டன் போனுக்கு வரம்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது; அந்தச் சின்னத் திரையில் யாரும் இரண்டு மணி நேரம் வீடியோ பார்க்கப் போவதில்லை. ஹாலில் வயரோடு நிற்கும் கம்ப்யூட்டர் படுக்கைக்கு வராது. ஸ்மார்ட்போனில் மட்டும் வரம்பு செட்டிங்ஸில் இருக்கிறது. செட்டிங்ஸில் இருப்பதை யாராவது உட்கார்ந்து பராமரிக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் வேலை முடிந்து அலுத்துப்போய் வந்த அம்மா, இல்லையென்றால் அப்பா.

ஆனாலும் நிறைய வீடுகளில் வாங்குவது ஸ்மார்ட்போன்தான் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் முதல் ஆண்ட்ராய்டு போனும் வந்தது 2008 இல். பிள்ளையின் போனைப் பெற்றோர் தூரத்திலிருந்து கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் 2017 இல் வந்தது. அதே வேலைக்கான ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் 2018 இல், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 12 உடன். பழைய ஐபோன்களிலும் சில தடைகள் உண்டு என்றாலும், எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்குக் காட்டி நிறுத்தும் வசதிக்குப் பத்து ஆண்டு ஆயிற்று. கடையைத் திறந்து பத்து வருஷம் கழித்துக் கதவு மாட்டிய மாதிரி.

இரண்டும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கின்றன. தினம் இத்தனை மணி நேரம், இரவு இத்தனை மணிக்கு மேல் கிடையாது, புது ஆப் இறக்க வேண்டுமானால் பெற்றோர் அனுமதி, பிள்ளை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி (ஆப்பிளில் இதற்கு மட்டும் ஃபைண்ட் மை என்ற தனி ஆப்). நடைமுறையில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பலர் வாங்கிய பிறகுதான் அதைக் கவனிக்கிறார்கள். ஃபேமிலி லிங்க்கில் பிள்ளையின் போன் ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். பெற்றோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டோ ஐபோனோ எதுவானாலும் சரி. ஸ்கிரீன் டைமில் இரண்டு பக்கமும் ஆப்பிள் கருவி வேண்டும். வீட்டில் ஒருவர் ஆண்ட்ராய்டு, ஒருவர் ஐபோன் என்றால், ஐபோன் வைத்திருப்பவர் மட்டும் காவல்காரராகிவிடுவார். இன்னொருவர் “எனக்கு அதெல்லாம் தெரியாது, போய்க் கேளு” என்று நிம்மதியாக ஒதுங்கிக்கொள்வார். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு வகைப் போனும் இருக்கும் குடும்பங்களுக்கு கூகுள் பக்கம்தான் சரி. பிள்ளையின் போனை உடனே பூட்டும் பட்டனும் ஃபேமிலி லிங்க்கில் நேராகக் கைக்கு அகப்படும்.

ஆப்பிள் பக்கம் எனக்குப் பிடித்தது, பிள்ளை யாரோடு பேசலாம் என்பதற்கே வரம்பு வைக்கலாம் என்பது. அது 2019 இன் கடைசியில் வந்தது. பகலில் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்கள், இரவில் அம்மா அப்பா மட்டும் என்று பிரித்து வைக்கலாம். பிடிக்காதது, நேரம் முடிந்ததும் திரையில் வரும் அந்த “இன்னும் ஒரு நிமிடம்” பட்டன். அப்புறம், வரம்பு முடிந்தால் தடு என்ற சுவிட்சைத் தனியாகப் போட வேண்டும்; போடாவிட்டால் பிள்ளை வரம்பை ஒரு தட்டில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பூட்டு தொங்கும், கொண்டி மாட்டியிருக்காது.

வாங்குவதற்கு முன்னால், வீட்டில் கிடந்த ஒரு பழைய போனில் மூன்று வாரம் இதைச் சோதித்துப் பார்த்தோம். எந்தப் போன் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் வாரம் அழகாக நடந்தது. இரண்டாவது வாரம் எனக்கு அலுவலகத்தில் புது சாஃப்ட்வேரை வெளியிடும் ரிலீஸ் நேரம். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன், “15 நிமிடம் கூடுதலாக வேண்டும்” என்று கேட்டுச் செய்தி வரும். வேண்டாம் என்றால் அடுத்து போன் வரும், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். அனுமதி என்று தட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஒரே நாளில் ஏழு முறை தட்டியிருக்கிறேன். ஏழு பதினைந்து நூற்றைந்து. நான் வைத்த வரம்பே ஒரு மணி நேரம்தான்.

மூன்றாவது வாரம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் பழகிவிட்டாள் என்று மகிழ்ந்துபோனேன். பார்த்தால், பாடத்துக்காக வரம்பில்லாமல் விட்டிருந்த ஒரு ஆப்புக்குள்ளேயே வீடியோ தேடும் வசதி இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த விதத்தை அவளிடமே கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், மூன்று நாளாக ஆப்பைத் திறக்காதவர்களைத் திரும்ப வரவழைக்கும் நோட்டிஃபிகேஷனை எழுதும் குழுவில் இருந்தேன். பாதிப் பேருக்கு ஒரு வாசகம், மீதிப் பேருக்கு வேறொரு வாசகம் அனுப்பி, எது அதிகம் இழுக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். ஜெயித்த வாசகத்தை எல்லாருக்கும் போடுவோம். படித்து முடித்த ஏழெட்டுப் பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநாளும் செய்த வேலை அது. எதிர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளையும், மீட்டிங்கில் இருக்கிற அவள் அம்மாவும்.

ஒரு சுவிட்ச் முதலிலேயே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்குப் பணக் கணக்கும் உண்டு. ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டால் 15 நிமிடம்வரை மறுபடி கேட்காது என்று ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஒரு வசதி இருந்தது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் விளையாட்டுக்குள் நாணயமும் ரத்தினமும் வாங்கித் தள்ளினார்கள். 2014 இல் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கூகுளும் குறைந்தது 1.9 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. 2022 இல் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், குழப்பும் பட்டன் அமைப்பால் வேண்டாத பொருளை வாங்கவைத்ததற்காக 24.5 கோடி டாலர் தர வேண்டி வந்தது. எனவே பூட்டு போட்ட ஸ்மார்ட்போன் வாங்குபவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது நேர வரம்பு வைப்பதுகூட இல்லை. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றுவது.

வாட்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதை வாங்குவது பிள்ளைக்காக என்பதைவிட நம் பதற்றத்துக்காக. எங்கே இருக்கிறாள் என்று புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தப் புள்ளியை வேறு யார் பார்க்க முடியும் என்பது தனிக் கேள்வி. 2017 இல் நார்வேயின் நுகர்வோர் அமைப்பு சில பிள்ளை வாட்ச்களைச் சோதித்து, முன்பின் தெரியாதவர்கூட உள்ளே நுழையக்கூடிய ஓட்டைகள் இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் ஜெர்மனி, பிள்ளைக்குத் தெரியாமல் சுற்றியிருப்பவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்க வழிசெய்யும் வாட்ச்களைத் தடை செய்து, வாங்கியவர்களை அழித்துவிடச் சொன்னது. நல்ல நிறுவனத்தின் வாட்ச் என்றால், ஆப்பிளில் 2020 முதல் பிள்ளைக்குத் தனி ஐபோன் இல்லாமலே கட்டிவிடலாம். ஆனால் பெற்றோரிடம் ஐபோன் இருக்க வேண்டும், மொபைல் இணைப்பு உள்ள மாடலாகவும் இருக்க வேண்டும். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு, போனைத் தொலைத்துவிடும் என்ற பயம் இருந்தால் இது சரி. 11 வயதுக்காரி இதைக் கட்டிக்கொண்டு தோழிகள் முன்னால் போய் நிற்க மாட்டாள். கேட்டுப் பார்த்தேன், முகத்தைப் பார்த்ததும் வரிசையை அழித்துவிட்டேன்.

பட்டன் போன் வாங்குவதில் இரண்டு கண்ணி இருக்கிறது. பட்டன் இருந்தால் மட்டும் பட்டன் போன் ஆகிவிடாது. சிலவற்றில் பிரவுசரும் வீடியோவும் உள்ளேயே வரும். அட்டைப்பெட்டியில் இருப்பதை முழுசாகப் படிக்க வேண்டும். இன்னொன்று, பல நாடுகளில் 2ஜி, 3ஜி அலைவரிசைகளை ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். பழைய நினைவில் பலரும் ஆசையாகத் தேடும் நோக்கியா 3310, 2017 இல் மறுபடி வந்தபோது அதன் முதல் வடிவம் 2ஜியில் மட்டும் ஓடியது. 4ஜியில் பேச்சு போகுமா என்று கேட்காமல் வாங்கினால் பாம்பு விளையாட்டு மட்டும் மிஞ்சும்.

பட்டன் போனின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது: வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழு. நாளைக்கு யார் என்ன கொண்டுவருவது, எந்தச் சிரிப்பு எதைப் பற்றியது, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. மறுநாள் பாதிப் பேச்சு புரியாமல் நிற்பது சின்ன விஷயமில்லை. வாட்ஸ்அப் விதிப்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தாங்களாகவே கணக்கு தொடங்கி அங்கே இருக்கக் கூடாது என்றேன். “அப்ப எங்க வகுப்பே இருக்கக் கூடாதும்மா” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த 13 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், அமெரிக்கா 1998 இல் போட்ட ஒரு சட்டத்துக்குப் போகிறது. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம். நிறுவனங்களுக்கு ஒப்புதல் வாங்கும் வம்பு வேண்டாம், 13 என்று எழுதிவைத்துவிட்டன. பிள்ளையின் மனம் எப்போது முதிர்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் சமூக ஊடகக் கணக்குக்கு 16 வயது என்று வைத்திருக்கிறது. அங்கேயும் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளை அதில் சேர்க்கவில்லை. நம் வீட்டுச் சண்டையை எந்த அரசாங்கமும் தீர்த்துவைக்கப் போவதில்லை என்று புரிந்தது.

ஹாலில் கம்ப்யூட்டர் என்பது நான் பட்டியலில் கடைசியாக, ஒப்புக்குச் சேர்த்தது. எல்லாவற்றிலும் நன்றாக நிற்பது அதுதான். இரவு ஒன்பது மணிக்கு யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. திரை அறையைப் பார்த்து இருப்பதால் நான் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், நடந்துபோனால் போதும். போனில் வரைந்தால் விரல் நுனி அளவுக்குப் படம்; இங்கே வரைகிறாள், சேமிக்கிறாள், எங்கே சேமித்தோம் என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடுகிறாள். அந்தத் தேடல் வீண் இல்லை, ஃபோல்டர் என்றால் என்ன என்று போன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007 இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள், பிள்ளைகள் தாங்களே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து பழகுவதற்கு. அதில் வரும் பூனைப் படத்தை இடமிருந்து வலம் நகர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அன்று அவளாகவே எழுந்து சாப்பிட வந்தாள்.

லேப்டாப் இதற்கு உதவாது. மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடும். கனமாக, வயரோடு, நகர்த்த முடியாமல் இருப்பதுதான் இதன் சிறப்பே. மென்பொருள் பூட்டு வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இருக்கிறது, ஆனால் அதன் இணைய வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். மற்றப் பிரவுசர்களைத் தடுத்து வைக்க வேண்டும்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஹாலில் யாராவது இருக்க வேண்டும். இரவுப் பணிக்குப் போகும் பெற்றோர், தனியாக ஒரே ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர், மாலை ஆறு மணிவரை வீட்டில் பெரியவர்களே இல்லாத குடும்பம், இவர்களுக்கு ஆளில்லாத ஹாலும் மூடிய அறையும் ஒன்றுதான். அங்கே தூரத்திலிருந்து வேலை செய்யும் பூட்டு போட்ட ஸ்மார்ட்போன்தான் நல்லது. நான் மேலே புலம்பியதை வைத்து அதைத் தள்ளிவிட வேண்டாம். தனியாகப் பயணம் போய், வழி பார்த்து, டிக்கெட் காட்ட வேண்டிய 15 வயதுப் பிள்ளைக்கும் அப்படித்தான். அப்போது கூகுளா ஆப்பிளா என்பதைப் பெற்றோர் இருவர் கையிலும் இருக்கும் போனே முடிவு செய்துவிடும்.

நாங்கள் பட்டன் போனும் ஹால் கம்ப்யூட்டரும் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கூப்பிடும் வேலை நன்றாக நடக்கிறது. வரைவதும் நடக்கிறது. தோழிகள் விஷயம் அரைகுறைதான்: மாலையில் அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் வீடியோ கால், இரண்டு பேர் வருவார்கள், மற்றவர்கள் குழுவில் இருப்பார்கள். இரண்டு முறை அழுதிருக்கிறாள். நான் இரவில் அதே கம்ப்யூட்டரில் அலுவலக வேலை பார்ப்பதைக் காட்டி, “இது ஹால் கம்ப்யூட்டரா, உன் ஆபீஸா?” என்று ஒருமுறை கேட்டாள். முதலில் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில், அடுத்த பிறந்தநாளன்று போனைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்று தேதி போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். கீழே என் கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கிறது. நான் இன்னும் போடவில்லை.