நகரமயமாதல் கட்டுரைக்கு ஒரு தாள் குறிப்பு: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நின்றது?

யுபிஎஸ்சி மெயின்ஸ் (குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வு) கட்டுரைத் தாளில் 3 மணி நேரத்துக்குள் இரண்டு கட்டுரை. ஒவ்வொன்றும் 125 மதிப்பெண், 1000–1200 சொல். நகரமயமாதலின் பொருளாதாரம் என்ற தலைப்புக்குத் தடித்தடியான தொகுப்புகளைவிட, இருபக்கமும் எழுதிய ஒரு ஏ4 தாள்தான் கடைசிவரை கைகொடுக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் தாளிலிருந்து நீக்கிவிட வேண்டியது திட்டப் பெயர்கள். ஸ்மார்ட் சிட்டி, அம்ருத் என்ற மத்திய அரசின் நகரத் திட்டங்கள் இரண்டும் 2015 என்று எழுதினால் இரண்டு வரி ஓடும். அதன் பிறகு கட்டுரை ஜிஎஸ் (பொது அறிவுத் தாள்) விடையாகிவிடும். (பூம்புகாரில் தொடங்கும் முன்னுரையும் வேண்டாம். திருத்துபவர் அதை நிறையப் பார்த்திருப்பார்.)

நிற்பது காரணத்தோடு சேர்ந்த எண். கேரளத்தை எடுங்கள். நகர மக்கள் 2001இல் சுமார் 26%, 2011இல் 47.7%. 'கிராமத்தை விட்டு மக்கள் ஓடினர்' என்று எழுதினால் தப்பு. 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கி.மீ.க்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்பவர்) 75% விவசாயத்துக்கு வெளியே. இந்த மூன்றும் இருந்தால் ஊராட்சியும் கணக்கெடுப்பில் 'சென்சஸ் டவுன்'. கேரளத்தில் இவை 99இலிருந்து 461 ஆயின. ஆள் இடம்பெயரவில்லை, ஊரின் தொழில் மாறியது. ஆனால் நிர்வாகம் ஊராட்சியாகவே இருப்பதால் பாதாளச் சாக்கடைக்கும் கட்டட ஒழுங்குக்கும் நகராட்சி அளவு ஆளும் பணமும் கிடைப்பதில்லை. இந்த ஒரு உதாரணத்தில் ஒன்றரைப் பக்கம் வரும்.

அடுத்து திருப்பூர். பின்னலாடைத் தொழிலின் நிட்டிங், டையிங், பிரிண்டிங், பேக்கிங் எல்லாம் ஒரே ஊருக்குள் நெருங்கியிருக்கும் தனித்தனி யூனிட். வேலையை ஜாப் ஒர்க்காக வெளியே கொடுத்துச் சிறு முதலாளியும் ஏற்றுமதிக்குள் நுழையலாம். அதே நெருக்கம்தான் சாயக் கழிவால் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நன்மையும் செலவும் ஒரே ஊரில் கிடைப்பதால் 'ஒருபுறம், மறுபுறம்' என்று தாவ வேண்டியதில்லை.

நகராட்சி நிதிக்கு, நகர உள்ளாட்சிகளுக்கான 74ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அவற்றிடம் ஒப்படைக்கக்கூடியவை என 12ஆம் அட்டவணை பட்டியலிடும் 18 பணிகளும் போதும். பணி கைமாறினாலும் வருவாய் கைமாறவில்லை என்பதை வாதமாக்குங்கள்.

ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் 90 நிமிடத்தில் சட்டகத்துக்கு (எதை எந்த வரிசையில் எழுதுவது என்ற திட்டம்) 15, எழுத 65, மீதி படித்துப் பார்க்க. சட்டகத்தைச் சுருக்கினால் மூன்றாம் பக்கத்தில் முதல் பத்தியே திரும்ப வரும். எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது, முடிவு வந்ததும் தாளின் பாதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.