கொலோன் ஷ்னூட்கன் அருங்காட்சியகம்: ஒரு குருவானவர் சேர்த்த செல்வம்

ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போகிறவர்களில் பலரும் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, ரைன் நதிக்கரையில் சற்று உலாவிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். பேராலயத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், நோய்மார்க்ட் சதுக்கத்துக்கு அருகே, இடைக்காலக் கிறிஸ்தவக் கலைக்கென்றே அமைந்த ஷ்னூட்கன் அருங்காட்சியகம் இருக்கிறது. சிற்பக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை உருவாக்கிய அலெக்சாண்டர் ஷ்னூட்கன் (1843–1918) கொலோன் பேராலயத்தைச் சேர்ந்த குருவானவர். 1802-இல், பிரெஞ்சு ஆட்சியின்கீழ், ரைன் பகுதியின் மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் உடைமைகள் திசைக்கொன்றாகச் சிதறின. அப்படிக் கைமாறித் திரிந்தவற்றையும், பழையவை என்று ஒதுக்கப்பட்டவற்றையும் அவர் பல ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். 1906-இல் அந்தச் சேகரிப்பை நகருக்கே கொடையாக அளித்தார். 1910-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1956 முதல் அது இருப்பது, முன்பு பெண் துறவியர் மடத்துக்குரியதாக இருந்து, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, மீண்டும் எழுப்பப்பட்ட 12-ஆம் நூற்றாண்டுப் புனித செசிலியா ஆலயத்தில். வழிபாட்டுக்காகச் செய்யப்பட்ட பொருள்களை ஆலயத்துக்குள்ளேயே வைத்துக் காட்டியதுதான் இந்த அருங்காட்சியகத்தின் ஆகப் பெரிய சிறப்பு என்று நினைக்கிறேன். கனத்த தூண்களுக்கும் வெறுமையான சுவர்களுக்கும் நடுவே, சன்னல் வழி வரும் பகல் வெளிச்சத்தில், மரச்சிற்பங்கள் தமக்குரிய இடத்தில் நிற்பவையாகவே தெரிகின்றன.

அவற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, அதே நகரின் புனித ஜார்ஜ் ஆலயத்திலிருந்து வந்த, ஏறத்தாழ 1067-ஐச் சேர்ந்த சிலுவை நாதர். கைகள் இரண்டும் எப்போதோ போய்விட்டன. தலை ஒரு பக்கமாகத் தொங்குகிறது, கண்கள் மூடியிருக்கின்றன, கன்னத்தில் சதை ஒட்டிப்போயிருக்கிறது. சிலுவையில் வெற்றி வேந்தராக நிமிர்ந்து நிற்கும் கிறிஸ்துவை வடிக்கும் வழக்கம் பரவலாக இருந்த காலத்தில், இறந்துவிட்ட ஒரு மனித உடலின் பாரத்தை இவ்வளவு துணிவோடு மரத்தில் காட்டிய தச்சர் யாரென்று தெரியவில்லை. அருகில் போய்ப் பார்த்தால்தான், வேதனையைக் காட்ட அவர் எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதும், முகத்தின் சில ஆழமான கோடுகளிலேயே அனைத்தையும் சொல்லிவிட்டார் என்பதும் புரிகிறது.

இதற்கு நேர்மாறாக, அளவில் மிகச் சிறிய அருமை ஒன்றும் உண்டு. கொலோன் பேராயராக இருந்து 1021-இல் மறைந்த புனித ஹெரிபெர்ட்டின் பெயரால் வழங்கும் 9-ஆம் நூற்றாண்டுத் தந்தச் சீப்பு அது. திருப்பலி என்னும் ஆலய வழிபாட்டுக்கு முன் குருவானவர் தலை வாரிக்கொள்வதும் அன்று சடங்கின் ஒரு பகுதி என்பதால், சிலுவைச்சாவின் காட்சியே அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1390-இல் வடிக்கப்பட்ட, பார்லர் சிற்பியர் குடும்பத்தின் அடையாளக் குறியைத் தாங்கிய பெண்ணின் மார்பளவுக் கற்சிலையையும் தவறவிடக் கூடாது. அந்தக் குறுஞ்சிரிப்புக்காகவே ஒரு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

2010-இல் புதிய கட்டடம் இணைக்கப்பட்ட பிறகு, பக்கத்திலுள்ள ரவுட்டன்ஷ்ட்ராவ்-யோஸ்ட் உலகப் பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கும் இதற்கும் நுழைவாயில் ஒன்றுதான். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட எண்ண வேண்டாம். இங்கே ஒவ்வொரு பொருளும் நின்று பார்க்கும் பொறுமையைக் கேட்கிறது. கிறிஸ்தவ வழிபாட்டோடு பழக்கமில்லாதவர்கள், திருப்பலி நடக்கும் முறையைப் பற்றிச் சிறிது படித்துவிட்டுப் போவது நல்லது. எந்தப் பாத்திரம் எதற்கு, எந்த அங்கி எப்போது என்று தெரிந்தால் பார்வையே வேறாகிவிடும். திங்கட்கிழமை விடுமுறை.

வெளியே வந்ததும் கிளம்பிவிடாமல் ஆலயத்தின் மேற்குப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். அடைக்கப்பட்ட பழைய வாயிலில், சுவிஸ் ஓவியர் ஹரால்ட் நேகெலி 1980-இல் ஸ்ப்ரே வண்ணத்தால் வரைந்த எலும்புக்கூடு இருக்கிறது. நேரமிருந்தால் புனித ஜார்ஜ் ஆலயத்துக்கும் போய்வரலாம். சிலுவை நாதரின் நகல் இப்போது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.