ஏர் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என் காரில் நான்கு மூலையிலும் இருந்த ஏர் சஸ்பென்ஷனை, அதாவது காற்று நிரப்பிய ரப்பர் பைகளில் காரைத் தாங்கும் அமைப்பை, கழற்றிவிட்டு, சாதாரண காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாற்றிய மாதமே எழுதியிருந்தால் புதுப் பொருள் வந்த சந்தோஷம்தான் எழுத்தில் இருந்திருக்கும். ஸ்பிரிங் நன்றாக அமர்ந்து, ஒரு செட் டயர் தேய்ந்து, மழையும் மலைப்பாதையும் பார்த்த பிறகு எழுதுவதுதான் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடலைக் கம்பெனியே காயில் ஸ்பிரிங் வைத்தும் விற்றிருந்தால் தைரியமாக மாற்றலாம். ஏர் சஸ்பென்ஷனில் மட்டுமே வந்த மாடல் என்றால் பெரும்பாலும் கை வைக்காதீர்கள்.

கார் ஒரு ஜெர்மன் செடான், 2000-களின் பிற்பகுதியில் வந்தது, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடுவது கோயம்புத்தூரில். கம்பெனி பெயர் தேவையில்லை என்று நினைக்கிறேன். பத்து வருடம் தாண்டிய ரப்பர் வெயிலில் வெடிப்பது எந்தக் கம்பெனிக்கும் பொதுவான விஷயம்.

அறிகுறிகளும் எல்லாருக்கும் ஒன்றுதான். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் உறுமி மெதுவாகத் தூக்கும். சில மாதத்தில் அந்த உறுமல் நீண்டுகொண்டே போகும், அப்புறம் மீட்டரில் எச்சரிக்கை வரும். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் காரை ஜாக்கியில் தூக்கி, பெல்லோ (அந்தக் காற்றுப் பை) முழுதாக நீண்ட நிலையில் பார்க்க வேண்டும். ரப்பர் மடிந்து உருளும் இடத்தில்தான் மயிரிழை வெடிப்பு வரும். கார் தரையில் நிற்கும்போது அந்த மடிப்பு கண்ணில் படாது.

"அப்படியென்றால் ஆம்னி பஸ்களில் மட்டும் எப்படி இத்தனை வருடம் ஓடுகிறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் ஊரில் 'ஏர் பஸ்' என்று எழுதியே டிக்கெட் விற்ற காலம் உண்டு. பஸ்ஸில் ஏர் பிரேக்குக்காக இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பெரிய கம்ப்ரசர் எப்படியும் இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் காற்று பெல்லோவுக்குப் போகிறது. உயரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கம்பி வைத்த லெவலிங் வால்வு போதும். பெல்லோ தடிமனானது, தனியாக மாற்றலாம், எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். காரில் அப்படி இல்லை. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மின்சாரக் கம்ப்ரசர், தொடர்ந்து ஓடச் செய்யப்பட்டதல்ல. காரின் எடையைத் தாங்கப் பெல்லோவுக்குள் டயரில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். ஒரு பெல்லோ கசிந்தால் கம்ப்ரசர் அதை ஈடுகட்ட ஓடி ஓடிச் சூடாகி எரியும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் டிரையரும் தீர்ந்திருக்கும். நான்கு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கை ஈரக் காற்று அரிக்கும். ஒரு ரப்பர் வெடிப்பு இப்படித்தான் லட்சக்கணக்கில் செலவாக வளர்கிறது.

எனக்கு வந்த எஸ்டிமேட்டில் நான்கு ஸ்ட்ரட் (பெல்லோவும் ஷாக்கும் சேர்ந்த தூண்), கம்ப்ரசர், வால்வு பிளாக் எல்லாம் சேர்ந்த தொகை, அந்தக் காருக்கு அன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டியது. காயில் ஸ்பிரிங்குக்கு மாற்ற அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆனால் விலை மட்டும் பார்த்து இதைச் செய்யக்கூடாது.

என் மாடலின் கீழ் வேரியன்ட் தொழிற்சாலையிலிருந்தே காயில் ஸ்பிரிங்கோடு வந்தது. மெர்சிடீஸின் டபிள்யூ211 இ-கிளாஸ், ஆடியின் முதல் தலைமுறை க்யூ7, முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் டூவாரெக் எல்லாம் இப்படி இரண்டு விதமாகவும் வந்தவை. அப்படி வந்திருந்தால் ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், ஷாக் அப்சார்பர் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்ற கணக்கையெல்லாம் காரை வடிவமைத்தவர்களே போட்டு முடித்திருக்கிறார்கள். நாம் பார்ட் நம்பர் பார்த்து வாங்கினால் போதும். டபிள்யூ220 எஸ்-கிளாஸ், எல்322 ரேஞ்ச் ரோவர் போன்ற கார்களுக்கு அந்த வசதி இல்லை. வெளிக் கம்பெனிகள் கிட் விற்கின்றன. ஆனால் அந்த ஸ்பிரிங்கின் பின்னால் இருப்பது கிட் விற்பவரின் ஊகம். விதிவிலக்கு, 1994-ல் வந்த பி38ஏ ரேஞ்ச் ரோவர். அதுவும் காற்றில் மட்டும் வந்ததுதான். ஆனால் முன்னும் பின்னும் லாரியைப்போல இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்சில் என்பதால் ஸ்பிரிங் வைப்பது எளிது. பிரிட்டனில் ஏராளமானோர் மாற்றியிருக்கிறார்கள்.

இது புது வழக்கமும் இல்லை. 1957-ல் காடிலாக் எல்டொராடோ புரோம் காரை 13,074 டாலருக்கு விற்றார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் மிக விலை உயர்ந்த கார்களில் ஒன்று, நான்கு மூலையிலும் காற்று. கசிவு தாங்காமல் அதன் சொந்தக்காரர்கள் பலர் காயில் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். அடுத்த வருடம் ஷெவர்லே, போன்டியாக், ப்யூக் என்று வரிசையாகக் கொடுத்த ஏர் சஸ்பென்ஷன் ஆப்ஷனும் சீக்கிரமே காணாமல் போனது. அன்று கசிந்த இடங்களும் இன்று கசியும் இடங்களும் பெரிதாக மாறவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் முதலில் விசாரித்த ஒரு கடையில், பெல்லோ இருந்த இடத்தில் ஸ்பிரிங்கைச் சொருகி, பழைய ஷாக்கை அப்படியே விட்டு, மீட்டரில் எரியும் லைட்டை எப்படியாவது அணைத்துத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஏர் சஸ்பென்ஷனுக்கான ஷாக் வேறு கணக்கில் செய்யப்பட்டது. அதோடு காயில் ஸ்பிரிங்கைச் சேர்த்தால் கார் குதித்துக்கொண்டே போகும். கடைசியில் எனக்குச் செய்து கொடுத்தவர் பீளமேடு பக்கம் சின்னதாக ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணன். "அண்ணா, அந்த லைட்டை என்ன பண்றது?" என்று கேட்டேன். "லைட்டை அணைக்கறது வேலை இல்லைங்க. அது எரியறதுக்கே காரணம் இல்லாமப் பண்ணணுங்க" என்றார். அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த ஒரு பதிலில்தான்.

அவர் செய்தது இது. ஸ்ட்ரட், ஸ்பிரிங், ஸ்ட்ரட்டின் தலையை பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்ட், முழுதாக அமுங்கும்போது தாங்கும் பம்ப் ஸ்டாப் எல்லாம் ஸ்பிரிங் வேரியன்ட்டின் பார்ட் நம்பரில் வாங்கினோம். ஸ்பிரிங் மேலே உட்காரும் ரப்பர் பேட் பல தடிமனில் வருகிறது. காரில் சன்ரூஃப் உண்டா, எந்த இன்ஜின் என்று பார்த்து அதற்கேற்ற தடிமனைத் தேர்ந்தெடுத்தார். கம்ப்ரசர், காற்று டேங்க், வால்வு பிளாக் மூன்றையும் கழற்றினார். சஸ்பென்ஷன் மாட்யூலை (அதைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) எடுத்துவிட்டு, இந்தக் கார் ஸ்பிரிங் வண்டி என்று மற்ற மாட்யூல்களுக்குப் புரியும்படி கோடிங் மாற்றினார். கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இ.எஸ்.பி.க்கும் அதே மாற்றம். போலி சிக்னல் கொடுத்து கம்ப்யூட்டரை ஏமாற்றும் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றைப் போட்டால் நாளைக்கு உண்மையான கோளாறு வந்தாலும் எதுவும் தெரியாது.

பலரும் கவனிக்காத இடம் ஹெட்லைட். செனான் லைட் உள்ள காரில், பின்னால் பாரம் ஏறினால் வெளிச்சம் மேலே போகாதபடி லைட் தானே இறங்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பல கார்களில் அதற்கான உயரத் தகவல் சஸ்பென்ஷன் மாட்யூல் வழியாகத்தான் வருகிறது. மாட்யூலை எடுத்தால் லைட்டுக்கு எதுவும் தெரியாது, ஒரே நிலையில் நின்றுவிடும். எதிரே வருகிறவர் கண் கூசும், அல்லது நமக்கு ரோடு தெரியாது. முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என ஸ்பிரிங் வேரியன்ட்டின் உயர சென்சார்களைப் போட்டு லைட் கன்ட்ரோலருக்கு நேரடியாக இணைத்தோம். மொத்த வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான். மாற்றச் சொல்கிற இடத்தில் "ஹெட்லைட் லெவலிங் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் காரை விடாதீர்கள்.

இனி ஓட்டம். ஊருக்குள் ஸ்பீட் பிரேக்கரில் முன்பு கார் மிதந்து இறங்கும். இப்போது ஏறுவதும் இறங்குவதும் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் தூக்கிப் போடுவதில்லை. உடைந்த ரோட்டின் விளிம்புகளிலும் மேம்பாலத்து இணைப்புகளிலும்தான் வித்தியாசம் உறைக்கிறது. டப் டப் என்று ஒவ்வொன்றும் கேட்கிறது. அதில் பாதியைக் குறைத்தது டயர். ஸ்பிரிங் வேரியன்ட்டில் வந்த அளவையே, அதாவது பக்கச்சுவர் உயரமான டயரை, ஒரு இன்ச் சின்ன வீலில் போட்டேன். ஸ்பிரிங்குக்கு மாறுகிறவர்கள் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேலம் ரோட்டில் நீண்ட அலைகளாக வரும் மேடு பள்ளங்களில் காற்றுக்கு இணையே இல்லை. அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், பழைய சஸ்பென்ஷன் வளைவுக்கேற்ப ஷாக்கை இறுக்கி காரை நிமிர்த்திப் பிடிக்கும். இப்போது கார் சற்றுச் சாய்கிறது. ஆனால் எவ்வளவு சாயும் என்பது ஒவ்வொரு வளைவிலும் ஒரே மாதிரி இருப்பதால் கைக்குப் பழகிவிட்டது. பின் சீட்டில் வந்த அம்மா சொன்னது: "முன்ன மாதிரி மெத்துனு இல்ல கண்ணு, ஆனா வயித்தப் பொரட்டல." மிதக்கும் காரில் அம்மாவுக்கு எப்போதும் குமட்டும். இந்த லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

உண்மையான இழப்பு பாரத்தில். பெல்லோவில் எடை கூடினால் காற்றும் கூடும், உயரம் மாறாது, கடினமும் எடையோடு சேர்ந்து ஏறும். அதனால் ஒருவர் போனாலும் ஐந்து பேர் போனாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காயில் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, எடை ஏறினால் அமுங்கும். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாகத் திருச்செந்தூர் போனபோது பின்பக்கம் நன்றாகவே இறங்கியது. உயரமான ஸ்பீட் பிரேக்கர்களில் அடி தட்டியது. பிறகு பின்னால் ஒரு படி தடிமனான ரப்பர் பேட் போட்டதில் தட்டுவது நின்றது, ஆனால் காலி கார் பின்னால் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. பட்டனை அழுத்திக் காரை உயர்த்தும் வசதியும் போய்விட்டது. எங்கள் அபார்ட்மென்ட் சரிவில் அது தினமும் உதவியது. இப்போது குறுக்காக ஏறுகிறேன். அடிக்கடி முழு பாரத்தோடு போகிறவர்களுக்கும், டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் இந்த மாற்றம் சரிப்படாது.

பராமரிப்பு என்று பார்த்தால் முன்பக்க டாப் மவுண்ட் ஒன்றில் சத்தம் வந்து மாற்றினேன், அவ்வளவுதான். ஸ்பிரிங் புதிதில் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே கடைசி உயரத்துக்கு இறங்கி அமரும். எனவே வீல் அலைன்மென்டை இரண்டு முறை செய்யுங்கள், மாட்டியவுடன் ஒன்று, அமர்ந்த பிறகு ஒன்று. முதல் அலைன்மென்டோடு விட்டால் டயரின் உள் விளிம்பு தேய்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கம்பெனியே விற்ற வேரியன்ட்டின் பாகங்களை மட்டும் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து, பார்ட் நம்பர்களோடு பில்களை வைத்திருக்கிறேன். விற்கும் நாளில் வாங்குகிறவர் கையில் அந்தக் கோப்பையும், கழற்றிய மாட்யூலையும் கொடுத்துவிடுவேன்.

ஒரு மூலை மட்டும் கசிகிறது, கம்ப்ரசர் இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் காற்றிலேயே இருங்கள். அந்தப் பெல்லோவையும் அதே அச்சில் எதிர்ப்பக்கத்துப் பெல்லோவையும் சேர்த்து மாற்றுங்கள். டிரையரையும், கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, புதிதாக இருந்தாலும் எரிந்துவிடும்.